ஞானசௌந்தரி எடுத்த ரத்தம்

ஞானசௌந்தரி அனகாபுத்தூர்க்காரி. தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அவள் சம்பளம்தான். முப்பத்தைந்தாகியும் கல்யாணம் ஆகவில்லை. அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விசாரித்தேன். வயிற்றெரிச்சலில் விசாரித்தேன்.

அறுபத்தெட்டாம் வருஷம். என் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணன் அஸ்தினாபுரத்திலிருந்து மாதம் ஒரு தடவை அவளிடம் போவார். கேட்டால் "பிரஷர் செக்கப், சாவித்ரி" என்பார். போகும்போது தலைவலி, மூஞ்சி செக்கச்செவேலென்று இருக்கும், வாயைத் திறக்கமாட்டார். திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வருவார். "சிஸ்டர் கைராசிடி!" என்று வேறு சொல்வார். பற்றிக்கொண்டு வராதா? பதினாறு வருஷம் பொங்கிப் போட்டவள் நான், கைராசி அவளுக்கா?

ஆடி மாதம் அவரைப் போகவிடவில்லை. "அவளைப் பார்க்கணும்னா முதல்ல என்னை எங்கப்பா ஆத்துல கொண்டு விட்டுடுங்கோ!" என்று கத்தினேன். சண்டை வேண்டாமென்று இருந்துவிட்டார். ஆவணியிலும் அதே கதைதான்.

அப்புறம் அவளே வீடு தேடி வந்தாள். என்ன துணிச்சல் பாருங்கள்!

"சார் ரெண்டு தடவையா வரலைம்மா. ரத்தம் கெட்டியாயிட்டா எங்கயாவது அடைச்சுக்கும். இருக்காரா?"

அவர் உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல இல்லை" என்று கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலை அவர் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. டாக்சி பிடித்து அவள் ஆஸ்பத்திரிக்கே ஓடினேன்.

"உடம்புல ரத்தம் அளவுக்கு மீறி ஊறுதும்மா" என்றார் டாக்டர். "ரத்தப் புற்றுநோய்க்குப் பங்காளி, மெதுவா வர்றது. அதான் மாசாமாசம் ஒரு பாட்டில் எடுத்துக் கொட்டினோம். எடுக்காததால மூளையில கட்டிக்கிச்சு. சார் உங்ககிட்ட சொல்லலையா?"

நான் பயந்துவிடுவேனாம். அதனால் சொல்லவில்லையாம்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பேச்சு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. முதல் வேலையாக ஞானசௌந்தரியைத்தான் கோபித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் வரலையே, ஒரு வார்த்தை விசாரிக்கத் தோணலையா சிஸ்டர்?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "டியூட்டி சார். வர முடியலை. என் தப்புதான்."

அடிப் பாவி! அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கனகாம்பரத்துக்கும் கைராசிக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. என் தப்பை அவள் எடுத்துக்கொண்டாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றா. அவ வந்தா. நீங்க ஊர்ல இல்லேன்னு அனுப்பினது நான்தான்."

ஞானசௌந்தரி வெளியே போய்விட்டாள். அவர் அவள் போவதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.