சுலோச்சனாவின் நான்கு செம்மறிகள்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் செம்மறி என்றால் கறி. அதற்கும் மடி உண்டு, பால் உண்டு என்பதை நெசவுத் தெருவில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. சுலோச்சனா நினைத்தார். தெருவுக்கு அது பொறுக்கவில்லை.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு இஞ்சினியர் வீட்டில் ஆறு வருடம் சமைத்தவர் சுலோச்சனா. அந்த வீட்டம்மா செம்மறிப் பாலில் சீஸ் செய்வதைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். அவர்கள் ஊர் திரும்பியதும், வெதுருகுப்பம் மந்தைக்காரர் ஒருவரிடம் குட்டி போட்ட நான்கு ஆடுகளை வாங்கினார். தெருக்கோவிலுக்குச் சொந்தமான காலி மனையை வாடகைக்குப் பிடித்து அவற்றை அங்கே கட்டினார். குட்டிகள் புல் கடிக்கும்வரை மடியைத் தொடவில்லை. பிறகு கறந்தபோது நான்கும் சேர்ந்து ஒரு லிட்டர் தேறியது.

கோவில் நிர்வாகி தாமோதரன் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"நெய்யற குடும்பத்துல பொறந்துட்டு ஆட்டு மடிய புடிச்சிக்கினு குந்தியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"மாட்டு மடிய புடிச்சா புண்ணியம், ஆட்டு மடிய புடிச்சா வெக்கமாண்ணா? உங்கூட்டு காபி எதுல போடறாங்க?"

தாமோதரன் திரும்பிப் போய்ச் சமயத்துக்குக் காத்திருந்தார்.

காத்திருந்தது வீண்போகவில்லை. சுலோச்சனாவின் கணவர் தணிகைவேல் பவர்லூம் ஓட்டுபவர். பால் வடிகட்ட, தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த துணியைப் பெருமையோடு கொண்டுவந்தார். "கோடித் துணி. தண்ணியே படல. சாமிக்கே இதத்தான் சாத்துவாங்க" என்றார்.

உறைமருந்தான ரென்னட் சொட்டு விட்டதும் பால் அழகாக உறைந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலை தண்ணீர் வடியாமல் கொழகொழவென்று நாறியது. மூன்று முறையும் அப்படியே.

"நம்ம கோவில் அம்மாவுக்கு புடிக்கல, அதான் கெட்டுக்கினே கீது" என்று தெருவைக் கூட்டிச் சொன்னார் தாமோதரன். "வெள்ளிக்கிழம ஒரு கிடாக்குட்டிய கோவிலுக்கு வுட்டுட்டு, மத்தத வித்துடு. இல்லன்னா மனைய காலி பண்ணு."

தறி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற தெரு, பால் கெட்டால் மட்டும் அம்மனைக் கூப்பிடுகிறது.

"குட்டிய குடுத்துடலாம் சுலோ" என்றார் தணிகைவேல். "வம்பு எதுக்கு?"

"குட்டிய அவங்க துன்னா, துணி வடிச்சிடுமா?"

சொல்லிக்கொண்டே துணியைப் பிழிந்தவரின் விரல்கள் ஒட்டிக்கொண்டன. பிறந்த நாளிலிருந்து பழகிய பிசுபிசுப்பு அது.

"யோவ், பாவு நூலுக்கு கஞ்சி போட்டுதான நெய்யற?"

"போடாம? நூல் அறுந்து..." தணிகைவேல் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் படாத சுத்தம் என்று தெருவே கும்பிடும் கோடித் துணியில் இழை இழையாக மைதாக் கஞ்சி. துணிக் கண்ணை அடைத்ததும் அது, புளித்து நாறியதும் அது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுலோச்சனா கோவில் மனையின் கேட்டில் உறைந்த பாலைக் கட்டிய இரண்டு மூட்டைகளைத் தொங்கவிட்டார். பால் ஒன்றே, துணியும் ஒன்றே. ஒரு பாதி தண்ணீர் படாத கோடி. மறு பாதி இரண்டு முறை கொதிக்கவைத்து அலசியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நாளெல்லாம் பார்த்தார்கள். ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. மற்றது உப்பிக்கொண்டு கிடந்தது.

கிடாக்குட்டியைப் பிடித்துப்போக மாலையில் தாமோதரன் கயிற்றோடு வந்தார். சுலோச்சனா எல்லார் முன்னாலும் இரண்டையும் அவிழ்த்தார். ஒன்றில் கூழ். மற்றதில் வெள்ளைவெளேரென்று கெட்டியான சீஸ்.

"அண்ணா, அம்மா எதுல கோச்சிக்கினு கீறா? நீங்களே தொட்டு சொல்லுங்க."

தறிக்கூடத்து வாசலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"எப்படியோ... வழக்கம்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார் தாமோதரன்.

"கீது. இன்னிலேர்ந்து இந்த மனைல ஆட்டுப்பால் கறக்கறதும் வழக்கம்தான்."

தெரு முழுக்கப் பார்த்துவிட்ட பிறகு எதைக் காட்டிக் காலி செய்யச் சொல்வது? தாமோதரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை சுலோச்சனா மனையின் மூலையில் உட்காரவில்லை. கேட்டைத் திறந்துபோட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து கறந்தார். அந்தக் கிடாக்குட்டி கோவில் வாசலில் முன்னங்கால்களைத் தூக்கி நின்று, வேப்பிலைத் தோரணத்தை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.