லாரித் தண்ணீரில் ஞானஸ்நானம்

எங்கள் வீட்டில் காபித்தூள் கிடையாது, டீத்தூளும் கிடையாது. பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்கு இது இன்னமும் தீராத அதிசயம். அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போகும் சபையில் காபி, டீ, பீடி, சாராயம் எல்லாவற்றுக்கும் ஒரே தடை. அப்பா எந்தச் சபையிலும் சேராதவர். முனைக்கடையில் டீ குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டே வருவார். "சாமி உங்களுது, நாக்கு என்னுது" என்பார். அதில் எங்களுக்குச் சண்டையே வந்ததில்லை.

சண்டை எல்லாம் மற்ற கிறிஸ்தவர்களோடுதான். அவர்கள் எங்களை மார்மன் என்பார்கள். நாங்கள் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்போம். அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கூரையில் சிலுவை இல்லாத சபை, பைபிளோடு கூட இன்னொரு புத்தகம், பத்தொன்பது வயது வெள்ளைச் சட்டைப் பையனை 'மூப்பர்' என்று கூப்பிடும் வழக்கம், இதெல்லாம் அவர்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள். மூப்பர் விஷயத்தில் எனக்கே சிரிப்பு வரும், ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

நாங்கள் நம்புவது இதுதான். இயேசுவின் சீடர்கள் போன பிறகு, ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரமும் பூமியை விட்டுப் போய்விட்டது. பல நூறு வருஷம் கழித்து, எந்தச் சபையில் சேருவது என்று குழம்பிய ஓர் அமெரிக்கப் பையன் தோப்புக்குள் போய் முழங்கால் போட்டான். வானம் அவனிடம் பேசியது. போனது திரும்பி வந்தது. நம்ப முடியவில்லையா? நம்பாதீர்கள். ஆனால் பைபிளில் முட்செடி எரிந்துகொண்டே பேசியதை நம்புகிறவர்கள் இதைக் கேட்டு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் ஏரியில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தவள். எனக்கு எட்டு வயது ஆனபோது இந்தச் சபைக்கு வந்தாள். எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. எட்டு வயதானால்தான். அதனால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாள் குறித்தார்கள். அம்பத்தூரில் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான் அப்போது சபை நடந்தது. பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி. நல்ல கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வரவழைத்துத் தொட்டியை நிரப்பினார்கள். லாரியைப் பார்த்ததும் தெருப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து வரிசை கட்டிவிட்டார்கள். "குடிக்கத் தண்ணி இல்லாத நேரத்துல தொட்டி ரொப்பி குளிக்கிறாங்கோ பாரு" என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். சபையார் ஆளுக்கு ரெண்டு குடம் கொடுத்து சமாதானம் செய்த பிறகுதான் எங்கள் முறை வந்தது.

அம்மா ஒரே முங்கில் எழுந்தாள். நான் முங்கி எழுந்ததும் தொட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற ரெண்டு சாட்சிகளும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். என் பின்னலின் நுனி, வெள்ளை ரிப்பனோடு மேலே மிதந்துவிட்டதாம். எங்கள் வழக்கத்தில் ஒரு முடி வெளியே நின்றாலும் செல்லாது. முதலிலிருந்து அதே வார்த்தைகளைச் சொல்லி மறுபடி முக்கினார்கள். இந்த முறை ஒருவர் பின்னலைப் பிடித்து என் கைக்குள் திணித்துவிட்டார். மூக்கில் தண்ணீர் ஏறி நான் இருமிக்கொண்டே பரிசுத்தமானேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

அவர் என் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். பாரிவாக்கத்திலிருந்து பைக்கில் வந்து ஆவடியில் எனக்கு முன்பே ஏறிவிடுவார். எனக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அவரும் கிறிஸ்தவர். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற, சத்தமாக ஜெபிக்கிற சபை. இரண்டு வருஷப் பஸ் பயணத்தில் சபையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய அம்மாவோடும் அவர்கள் பாஸ்டரோடும் பெண் பார்க்க வந்தார். அம்மா சுக்கு, மல்லி, பனைவெல்லம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அவருடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"காபித்தூள் தீந்துபோச்சாம்மா?"

"எங்க ஊட்ல வாங்குறதே இல்லக்கா" என்றாள் அம்மா.

பாஸ்டருக்கு அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பமும் நல்ல குடும்பம், ஒரே ஒரு காரியம்தான் என்றார். "சகோதரி எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறே வைத்துக்கொள்ளலாம்."

"நான் எடுத்துட்டேன் அய்யா" என்றேன். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேர்ல."

"அதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லையம்மா."

எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் என் அம்மா பக்கம் திரும்பினார். "சகோதரி, விசாரித்துவிட்டுத்தான் வந்தேன், நீங்கள் முதலில் எங்களைப் போன்ற ஒரு சபையில்தானே முழுக்கு எடுத்தீர்கள்? அது செல்லாது என்று சொல்லித்தானே அவர்கள் மறுபடி கொடுத்தார்கள்? எங்களுடையதை நீங்கள் தள்ளலாம், உங்களுடையதை நாங்கள் தள்ளக்கூடாதா?"

சரியான கேள்வி. இன்றுவரை எனக்கு அதற்கு மடக்குகிற மாதிரி பதில் தெரியாது. அதிகாரம் தொலைந்து திரும்பி வந்தது என்று நம்பினால், வராத இடத்தில் அது இல்லை என்றும் நம்பித்தான் ஆகவேண்டும். பூசி மெழுக முடியாது.

அம்மாதான் பேசினாள். "வாஸ்தவம் அய்யா. ஆனா என்னை மறுபடி முங்கச் சொல்லி யாரும் ஊடேறி வந்து கேக்கல. நானா படிச்சேன், நானா அழுதேன், நானா போய் கேட்டேன். ஒரு கல்யாணத்துக்கோசரம் முங்கல."

அப்பா அதுவரை வாசல் பக்கம் நின்றிருந்தார். "அதானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்தப் பக்கத்துக்காகச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, ஆனால் எனக்கு முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"எனக்கு மறுபடி வேணாம் அய்யா" என்றேன். "உங்க கணக்குல நான் கிறிஸ்தவள் இல்லன்னா அது உங்க கணக்கு. நீங்க கிறிஸ்தவர் இல்லன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். நான் யாருன்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம்."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். பையனின் அம்மா மகனைப் பார்த்தார். மகன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் எழுந்து, எங்களுக்காகவும் சேர்த்து நீளமாக ஒரு ஜெபம் செய்தார். எங்கள் கண் திறக்கப்பட வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடவே இல்லை.

மறுநாள் சபையில் இயேசுவின் நினைவாக அப்பமும் தண்ணீரும் வந்தது. எங்களிடம் திராட்சை ரசம் இல்லை, சின்னக் கப்பில் தண்ணீர்தான். ஜெபம் சொன்னவர் ஒரு வார்த்தை தவறவிட்டார். வழக்கப்படி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சபை முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தது. எனக்கு ஏனோ அன்றைக்கு அது ரொம்பப் பிடித்தது. சரியாக வரும்வரை விடாத ஜனங்கள் நாங்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் பை வைத்திருந்தார். நான் கிட்டே போனதும் பையை எடுக்காமல் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பாஸ்டர்கிட்ட ராத்திரி பேசிட்டேன். கூட்டம் எதுவும் வேணாம், நாலு பேர் மட்டும் போதும்ன்றாரு. தண்ணிதானே? ஒரு தடவ சும்மா முங்கி எந்திரிச்சிடு. உள்ளுக்குள்ள நீ எத வேணா நம்பிக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் முகத்தில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. பெரிய விட்டுக்கொடுத்தல் செய்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. பாஸ்டரிடம் வராத கோபம் எனக்கு அப்போது வந்தது. பாஸ்டராவது அந்தத் தண்ணீரை நம்பினார்.

"எட்டு வயசுல என் பின்னல் நுனி மட்டும் மேல மிதந்துச்சு" என்றேன். "செல்லாதுன்னு மறுபடி முக்குனாங்க. நீங்க சொல்ற மாதிரி முங்கினா நான் மொத்தமா வெளியதான் நிப்பேன். அது உங்க சபையிலயாவது செல்லுமா? போய் உங்க பாஸ்டரையே கேளுங்க."

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை. இரண்டு கையாலும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திருமுல்லைவாயல் தாண்டும்போது அழுகை வந்தது, துடைக்கவும் கை இல்லை. பஸ்ஸே பார்த்தது. பார்க்கட்டும் என்று அம்பத்தூர் எஸ்டேட் வரை அழுதுகொண்டே நின்றேன்.