தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் ஏறும் ஒருத்தர்

தண்ணித்தொட்டி ஸ்டாப்பின் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஜன்னலக்கா மூன்று தடவை படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது, நம்பவில்லை. மூன்றாம் தடவை வாய்விட்டே படித்தாள். "இந்த நிறுத்தத்தில் காலையில் ஏறுவோர் சராசரி ஒருவர். ஆகவே பதினேழாம் எண் மின்சாரப் பேருந்து அடுத்த மாதம் முதல் இங்கே நிற்காது."

"ஒருவராம்ல, ஒருவர்! கண்ணை எங்க அடகு வச்சானுங்க? இந்த ஒரு தெருவுல இருந்தே நாப்பது பேருக்கு மேல தினமும் வேலைக்குப் போறோம்!"

பக்கத்தில் குச்சியை ஊன்றி நின்றிருந்த அவள் தம்பி, "அந்த ஒருத்தர் யாருன்னு யோசிச்சியா அக்கா?" என்றான். அவள் காதில் அது ஏறினால்தானே? கோபம் வந்துவிட்டால் அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொள்ளும். நாளைக்கே பேருந்து ஆபீசுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஜன்னலக்கா என்பது அவளுடைய பெயர் இல்லை. பன்னிரண்டு வருஷமாக பதினேழாம் நம்பர் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அவளுடையது. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், எழுந்துவிடுவார்கள். அப்படி ஒட்டிய பெயர். வேலை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற பெரிய உருளை மிஷினில், ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை நின்ற நிலை. ஒருத்தி ஈரத்துணியை உள்ளே விடுவாள், இவள் மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதைப் பிடித்து மடிப்பாள். மிஷின் உட்காராது, அதனால் இவளும் உட்கார முடியாது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகக் கிடக்கிறது. ஒரு நாளில் அவள் நிம்மதியாக உட்காருவது போகும்போது பஸ்ஸில் அந்த முப்பத்தைந்து நிமிஷம்தான்.

அந்த உட்காரும் இடத்தை அவள் சும்மா பெறவில்லை. அந்தக் காலத்தில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பஸ் புறப்படுகிற இடம் ஆலை வாசல். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் அங்கேயே ஏறி நிரப்பிக்கொண்டு வருவார்கள். அடுத்த ஸ்டாப்பான தண்ணித்தொட்டியில் நிற்பவர்களுக்குத் தொங்குவதற்குக் கம்பி கிடைத்தால் பெரிய விஷயம். தம்பிக்கோ ஒரு கால் சரியில்லை. பத்தொன்பது வயதில் குடோன் லிப்டில் மாட்டிக்கொண்ட கால். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை கிடைத்தபோது, போய் வர முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. ஜன்னலக்கா யோசித்தாள். பத்து நிமிஷம் பின்னோக்கி நடந்து ஆலை வாசலுக்கே போனாள், காலி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்தாள். யார் கேட்டாலும், "ஆள் வருது." தண்ணித்தொட்டியில் தம்பி ஏறுவான், பை அவள் மடிக்குப் போகும், அவன் உட்காருவான்.

ஒரு வாரத்தில் பேக்கரிக்காரர் இதைக் கவனித்துவிட்டார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட வாட்ச்மேன். அப்புறம் தெருவே. காலையில் பார்த்தால், நாற்பது பேர் தங்கள் வீட்டு வாசலில் இருக்கிற ஸ்டாப்பைத் தாண்டி, போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேகு வேகென்று மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் போனார்கள், அவர்களும் போனார்கள்.

நோட்டீஸ் பார்த்த மறுநாள் ஜன்னலக்கா அரை நாள் லீவு போட்டு பேருந்து ஆபீசுக்குப் போனாள். அதிகாரி நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். கத்துவதற்கு இடமே கொடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா. மின்சார பஸ் வந்ததுல இருந்து ஏறும்போதே கார்டைத் தட்டுறீங்க இல்லையா, எந்த ஸ்டாப்புல எத்தனை பேர்னு இதுல தெளிவா விழுந்துடும். ஆலை வாசல் நாப்பத்து மூணு. தண்ணித்தொட்டி ஒண்ணு. ஆள் ஏறாத இடத்துல நிறுத்திக் கிளப்பினா சார்ஜும் வீண், நேரமும் வீண். பஸ் சீக்கிரம் போனாத்தானே ஜனங்க ஸ்கூட்டரை விட்டுட்டு பஸ்ஸுக்கு வருவாங்க?"

"அந்த நாப்பத்து மூணு பேர் எங்க குடியிருக்காங்கன்னு நினைச்சீங்க?"

"அதான் எங்களுக்கும் ஆச்சரியம். ஆலை மூடி அஞ்சு வருஷம் ஆகுதே, அங்க இவ்வளவு குடியிருப்பு எப்ப வந்துச்சுன்னு. பெரிய நிழற்குடை, பெஞ்சு எல்லாம் போடலாம்னு எழுதியிருக்கோம்."

பூட்டிக் கிடக்கிற ஆலை வாசலில் ஒரு நாய் இருக்கிறது. அதற்கு நிழற்குடை! சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பத்து மூன்றில் முதல் ஆள் அவள். அந்த ஒன்று அவளுடைய தம்பி. அவனுக்கு இடம் பிடிக்க அவள் ஆரம்பித்து வைத்த நடைதான் அவனுடைய ஸ்டாப்பைச் சாப்பிட்டிருக்கிறது. அதற்கடுத்த ஸ்டாப் மேம்பாலம், சரிவில் இருபது நிமிஷம். ஆலை வாசலுக்கோ மேடு. அவன் காலுக்கு இரண்டுமே ஆகாத காரியம். ஸ்டாப் போனால் வேலை போகும். கால் போன பிறகு இத்தனை வருஷத்தில் அவன் தானாக நின்று பிடித்த ஒரே விஷயம் அந்த வேலை.

அவள் உள்ளதைச் சொன்னாள். அதிகாரி மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "எங்களுக்கு ஏறுற இடம்தான்மா தெரியும், வீடு தெரியாது" என்றார். "அடுத்த வாரம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அந்த பஸ் வர்றப்ப ஸ்டாப்புல ஒரு ஆளை உக்கார வச்சு எண்ணச் சொல்றேன். அஞ்சு நாளும் சேர்த்து அம்பது பேர் ஏறியிருக்கணும். ஏறினா ஸ்டாப் இருக்கும்."

ஐம்பதா? இரண்டே நாளில் எண்பது காட்டுகிறேன் என்று வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "கண்டிப்பாக்கா." "இது கூடச் செய்ய மாட்டோமா?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் பழகின கால், அவளைக் கேட்காமலே ஆலை வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டது! திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள்.

"நீங்கல்லாம் இங்க என்னய்யா பண்றீங்க?"

"அக்கா முன்னாடி போனீங்க. சரி, திட்டம் மாறிடுச்சு போலன்னு பின்னாடியே வந்தோம்" என்றார் பேக்கரிக்காரர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணித்தொட்டியில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெரியவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். தம்பி மட்டும் ஏறினான். பெரியவர் ஒரு கோடு போட்டார். ஜன்னல் வழியாக, "சார், நாங்களும் இந்த ஸ்டாப்தான்!" என்று கத்தினாள். அவர் கையை ஆட்டி வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை அவள் தம்பியோடு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு அவளைத் தாண்டி மேலே போனது. சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் மட்டும் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க. பகல் முழுக்க கேட்டுல நிக்கிறவன் நான். இந்த அரை மணி நேரம் உக்காரலேன்னா செத்துடுவேன்" என்றார். அவரை எப்படித் திட்டுவது? அது அவள் சொல்ல வேண்டிய வசனம். அன்றைக்கு ஏறியது மூன்று பேர். மூன்றாவது ஆள் தூங்கிப்போய், மேடு ஏற நேரமில்லாமல் நின்ற ஒரு நர்ஸ் பெண்.

சாயந்திரம் அவள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை வேறு போன் பண்ணி, "ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க அத்தை" என்று ஆரம்பித்துவிட்டார். "ஓட்டத் தெரியாதவளுக்கு ஸ்கூட்டர்! பின்னாடி இவன் குச்சியைப் பிடிச்சுகிட்டு எப்படி உக்காருவான்? யோசனை சொல்ல வந்துட்டாரு!" என்று போனை வைத்தாள்.

தம்பி மெதுவாகக் கேட்டான். "அக்கா, ஆலை வாசல்ல இப்ப யார் இருக்கா?"

"நாய்."

"நீங்க யாரும் போகலேன்னா பஸ் எப்படி வரும்?"

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. காலியாக வரும். ஐந்து வருஷமாகக் காலியாகத்தான் வந்திருக்கும். ஆலை மூடின நாளிலிருந்து நாற்பது பேரும், ஒருத்தர் நடக்கிறார் என்று இன்னொருத்தர், அவர் நடக்கிறார் என்று மற்றவர், ஒன்றுமில்லாததற்கு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

"அடப்பாவி! இது தெரிஞ்சும் அஞ்சு வருஷமா வாயில என்ன வச்சிருந்தே?"

"எனக்கு சீட்டுப் பிடிக்கத்தானே நடந்தே" என்றான். "அதை வீண்னு எப்படிக்கா உன்கிட்ட சொல்றது?"

அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கிருந்தபடியே இன்னும் நாலு வசவு வைதாள்.

புதன்கிழமை அவள் வேண்டுமென்றே ஆலை வாசலில் ஏறி, பஸ் போன வழியெல்லாம் எழுந்து நின்று விளக்கினாள். எல்லோருக்கும் புரிந்தது, அதுதான் கொடுமை. "சரிதான்கா. ஆனா நான் கீழ நின்னு, அவர் மேல போய் சீட்டைப் பிடிச்சுட்டார்னா?" என்று ஆளாளுக்கு அடுத்த ஆளைக் கை காட்டினார்கள். அன்றைக்குத் தாளில் ஒன்று. வியாழக்கிழமை அவளோடு சேர்த்து ஐந்து. பெரியவர் கூட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பத்து ஆச்சும்மா. நாளைக்கு நாப்பது வேணும்."

நாற்பத்து நான்கு பேரில் நாற்பது. ஐந்து பேர் மனசு மாறி மேட்டில் ஏறினால் போச்சு.

வியாழன் சாயந்திரம் வேலை முடிந்து வந்தவள் உட்காரவே இல்லை. கதவு கதவாகப் போனாள். பாதி வீடு மாடி. விளக்கவில்லை, கணக்குச் சொல்லவில்லை. "என் தம்பி வேலை போயிடும்" என்றாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள். "வரிசையா நில்லுங்க, முதல்ல வந்தவங்க முதல்ல ஏறுங்க. நான் கடைசியா ஏறுறேன். என் ஜன்னல் உங்கள்ல யாருக்கோ." வாட்ச்மேன் கதவைப் பாதி திறந்தபடி கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. ஒருத்தர் வந்தார், இருவர் வந்தார்கள். பேக்கரிக்காரர் மாவு படிந்த சட்டையோடு வந்து, மேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு வரிசையில் நின்றார். யாராவது கழுத்தைத் திருப்பினால் ஜன்னலக்கா, "அங்க என்ன பார்வை? பஸ் இங்கதான் வரும்" என்று அதட்டினாள். வாட்ச்மேனைக் காணோம். வரிசையை எண்ணினாள், எண்ணும்போதே ஆள் வந்தது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

பஸ் சத்தமில்லாமல் இறங்கி வந்தது. உள்ளே நாலு தலை. மூன்றாவது வரிசை ஜன்னலில், அவளுடைய ஜன்னலில், வாட்ச்மேன்! அவளைப் பார்த்ததும் வெளிப்பக்கம் ஏதோ அதிசயம் இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாயில் வந்ததை விழுங்கினாள். எண்ணிக்கை முக்கியம்.

தம்பி முதலில் ஏறினான். "ஒண்ணு" என்றார் பெரியவர். வரிசை நகர்ந்தது. பத்து, இருபது, முப்பது. முப்பத்து ஒன்பதாவது ஆளாக நர்ஸ் பெண் ஓடி வந்து ஏறினாள். ஸ்டாப்பில் மிச்சம் ஜன்னலக்கா மட்டும். பெரியவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, ஏறலையா?"

அவள் ஏறி, கார்டைத் தட்டினாள். பின்னால், "நாப்பது!" என்று பெரியவர் சத்தமாகவே சொன்னார்.

உட்கார இடம் முப்பத்திரண்டுதான். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறி ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் தூக்கமாம்! எல்லாம் அவளுக்குத் தெரிந்த தூக்கம்தான், பன்னிரண்டு வருஷம் அவளும் தூங்கியதுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெண்டைக்கால் இப்போதே இழுத்தது.

தம்பி குச்சியை ஊன்றி எழப் பார்த்தான். தோளில் கையை வைத்து அழுத்தினாள். "உக்காருடா பேசாம. எழுந்தா காலை உடைச்சுடுவேன், மிச்சம் இருக்கிறதையும்."

"அப்ப பையையாவது குடுக்கா."

கொடுத்தாள். இத்தனை வருஷம் அவனுக்காக சீட்டில் உட்கார்ந்து வந்த பை. அவன் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பஸ் தண்ணித்தொட்டியை விட்டுக் கிளம்பியது.

"சாய்க்காதே" என்றாள். "உள்ள சாப்பாடு இருக்கு."