காவிரிப் பாலத்தில் பின்னால் வந்த வெளிச்சம்

பாலத்தின் நடுவில் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா இல்லை. அவருடைய விளக்கும் இல்லை.

அன்பான சபையாரே, நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் ஆண்டவர் அன்று செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானும் ஸ்டெல்லா அக்காவும் பாலக்கரையில் ஒரே தெரு, ஒரே சபை. விடியுமுன்னே ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸுக்கு இட்லி ஊற்றச் சைக்கிளில் போவோம். என் சைக்கிளில் விளக்கு கிடையாது. அக்காவுடையதில் டைனமோ விளக்கும், பின்னால் சிவப்புக் கண்ணாடியும் உண்டு. அதனால் நான் முன்னால் போவேன், அவர் பின்னால் வருவார். அவர் வெளிச்சத்தில்தான் எனக்கு வழி தெரியும். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். என் சைக்கிளிலும் ஒரு விளக்கு மாட்டிக்கொள்ளட்டுமா என்று பலமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"நான் பின்னாடி இருக்கேன்ல, உனக்கு எதுக்குடி விளக்கு?" என்பார்.

போன டிசம்பரில் ஒருநாள். என் டிபன் கேரியர் பையை அக்கா முந்தின நாள் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. முனகிக்கொண்டே, எவர்சில்வர் கேரியரை வெறுமனே சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை அக்கா வந்தது தெரியும். அதற்குப் பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில், அவர் விளக்கு பின்னால் வராததை நான் கவனிக்கவில்லை. பாலத்தில் பாதிக்கு மேல் அன்று விளக்குகள் எரியவில்லை. பனி வேறு. அப்போதுதான் திரும்பினேன்.

அக்கா எங்கேயோ விழுந்துவிட்டார் என்றுதான் முதலில் பதறினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்னால் ஒரு லாரி வேகமாக வந்தது. ஒதுங்க இடமில்லை. "இயேசப்பா, என் பிள்ளைங்களுக்கு நான் மட்டும்தான். அந்த டிரைவர் கண்ணுல என்னைப் படவைங்க" என்று அழுதேன்.

பிரேக் கிறீச்சிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் லாரி நின்றது.

நெற்றியில் விபூதி வைத்திருந்த டிரைவர் இறங்கி வந்தார். "ஏம்மா, உயிர் மேல ஆசையில்லையா? அந்த டிபன் கேரியர் பளிச்சுன்னு மின்னுச்சு, பிரேக் போட்டேன். இல்லன்னா ஏத்திட்டுப் போயிருப்பேன்."

பிறகு குரல் இறங்கியது. "அழாதீங்க. முன்னாடி போங்க, நான் மெதுவா வரேன்." பாலம் முடியும்வரை அந்த லாரியின் வெளிச்சம் என் பின்னாலேயே வந்தது.

அக்கா மெஸ்ஸுக்கு வரவில்லை. அன்று பகலெல்லாம் அவருக்காகவும் ஜெபித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். சாவகாசமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சத்திரத்துப் பக்கம் வேறு மெஸ்ஸில் வேலை கிடைத்ததாம். அன்று காலை என்னிடம் சொல்லாமலே அந்தப் பக்கம் திரும்பிவிட்டாராம்.

"சொன்னா நீயும் வரேன்னு நிப்ப. அங்க ஒரு ஆளுக்குத்தான்டி இடம்" என்றார். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். "அதான் ஒண்ணும் ஆகலல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார்.

லாரியைக் கண்டுகூட நான் அப்படி நடுங்கவில்லை. சபையில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர் அவர். மன்னிக்கப் பலம் தாரும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது என் சைக்கிளில் முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு ஸ்டிக்கர். மனுஷர் வெளிச்சத்தை நம்பி நான் இருட்டில் இறங்குவதில்லை. நீங்களும் உங்கள் சைக்கிளில் விளக்கு மாட்டுங்கள். பாதி வழியில் தனியாக விடப்பட்டால் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். யார் கண்ணிலாவது உங்களைப் படவைப்பார்.

பையை அக்கா இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேரியர் இப்போதும் பையில்லாமல்தான் வருகிறது.