பிள்ளையைத் தேடி வந்த டாக்டர்

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த டாக்டர் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். குழந்தைகளின் வயிற்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். என் மகளின் வயிற்றுக் கட்டியை அறுத்துப் பார்த்தவர், "புற்றுநோய். வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார். தொண்டிக்குத் திரும்பினோம். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசி அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து அவரே எங்கள் குடிசைக்கு வந்தார்.

"பிள்ளை இருக்கா?"

"இங்கன உசுரு மட்டும் கெடக்கு, அய்யா" என்றாள் என் மனைவி.

"அது புற்றுநோய் இல்லம்மா. குடல்ல பூஞ்சை. அறுத்தப்ப எடுத்து மெட்ராசுக்குச் சோதனைக்கு அனுப்பின சதையைப் பார்த்துச் சொல்லிட்டாங்க. மருந்து இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் தலை நிமிரவே இல்லை.

மகளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அயோடின் சேர்ந்த கசப்பு மருந்தைப் பாலில் கலந்து மாதக்கணக்கில் கொடுத்தார். கட்டி கரைந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று என் மனைவி அவர் காலில் விழப்போனாள். பதறி விலகினார்.

"வேண்டாம்மா. முன்னாடி தேவிபட்டினத்துப் பையன் ஒருத்தனுக்கும் இதே மாதிரிக் கட்டி. அவன் சதையை நான் எங்கயும் அனுப்பல. புற்றுநோய்னு சொல்லி வீட்டுக்குத்தான் அனுப்பினேன்."

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் அடுத்த குழந்தைக்காக உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.