மதாம் உர்சுலே சொன்ன பழமொழி

வெர்னெல் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலை பார்த்த ஓட்டல் புயலில் கூரையோடு போனதும், டொமினிக்கா தீவின் காசில் புரூஸ் கிராமத்திலிருந்து தன்னந்தனியாகக் கப்பலேறி, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவின் தலைநகரான ஃபோர்-த-ஃபிரான்ஸில் வந்து இறங்கினாள். வயது முப்பத்தாறு. தெரிந்த பிரெஞ்சு நாலு வார்த்தை. ஆனால் பிரெஞ்சும் ஆப்பிரிக்கப் பேச்சும் கலந்த கிரியோல் மொழி தாய்ப்பாலோடு வந்தது. இரண்டு தீவிலும் அதே கிரியோல்தானே, பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

முதல் வாரமே, வேலை கொடுத்த பட்டறை முதலாளி ஒனோரா அவளை ஒரு மீன்கடைக்கு அழைத்துப் போனார். கடைக்கார மதாம் உர்சுலே எழுபது வயதிலும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, பொட்டி மக்கர் பண்ணுதா?" என்று வெர்னெல் கிரியோலில் கேட்டாள்.

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "நாம் இருவரும் சேர்ந்து ஆடு மேய்த்ததாக எனக்கு நினைவில்லை. பிரெஞ்சில் பேசுங்கள்."

வெளியே வந்ததும் ஒனோரா அதைக் கிரியோலில் சொல்லிக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்ட எடுத்த எடுப்புல கிரியோல் பேசலாமா? அவங்கள வேலைக்காரின்னு நெனச்சிட்டன்னு அர்த்தம்."

வெர்னெலுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அவள் ஊரில் கிரியோல் பேசாதவளைத்தான் தலைக்கனக்காரி என்பார்கள். அன்றிலிருந்து யார் யாரிடம் எதைப் பேசுகிறார்கள் என்று கவனிப்பதே அவளுக்கு வேலையாகிப் போனது. பேருந்து ஓட்டுநர் பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். குறுக்கே ஒரு வண்டி வந்தால் கிரியோலுக்குத் தாவுவார். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பிரெஞ்சில் கொஞ்சி, நாயைக் கிரியோலில் விரட்டுவாள். வெர்னெல் ரேடியோ கேட்டுக் கேட்டுப் பிரெஞ்சைக் கற்றாள்.

மறு வருடம் புனித வியாழனன்று மதாமின் குளிர்பெட்டி நின்றுவிட்டது. விடிந்தால் பெரிய வெள்ளி, ஊரே மீன் வாங்கும் நாள். வெர்னெல் ஓடி வந்து மோட்டாரைக் கிளப்பும் ரிலேயை மாற்றினாள். பெட்டி உறுமியது. மதாம் பெருமூச்சு விட்டுத் திரும்பியதும் மறுபடி அடங்கிவிட்டது.

"கட்டையில போற பொட்டியே. மூணாவது அலைக்கு முதுகு காட்டின கதையாப் போச்சே," என்று மதாம் புலம்பினார். கிரியோலில்.

வெர்னெலின் கை அப்படியே நின்றது. அது காசில் புரூஸில் படகு தள்ளுகிறவர்கள் சொல்வது. அங்கே இரண்டு அலையைத் தாண்டிவிட்டோம் என்று திரும்பி நின்றால் மூன்றாவது வந்து ஆளைக் கவிழ்க்கும். இந்த ஊர் விரிகுடாவோ குளத்துத் தண்ணீர். இங்கே எவர் அலையை எண்ணப் போகிறார்?

"மன்னிக்க வேண்டும் மதாம், அந்தப் பழமொழியைத் தாங்கள் எங்கே கேட்டீர்கள்?" என்றாள், பிரெஞ்சை வார்த்தை வார்த்தையாகக் கோத்து.

"உங்கள் வேலையைக் கவனியுங்கள்."

கவனித்தாள். பின்பக்கத்து விசிறி மீன் செதிலும் தூசியும் அடைத்து இறுகியிருந்தது. அதனால்தான் கம்ப்ரசர் சூடேறிப் படுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வேறு விசிறி மாட்டி மீனைக் காப்பாற்றிவிட்டாள். கேள்வி மட்டும் தொண்டை முள்ளாக நின்றது.

ஜூலையில் அவள் காசில் புரூஸுக்குக் கிளம்புவது தெரிந்ததும் மதாமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ஒலிம்ப் லாரன் என்ற பெயர் உங்கள் ஊரில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று விசாரிப்பீர்களா? அவசரமில்லை."

"யார் அவர்?"

"என் தாய்."

இரண்டாம் உலக யுத்தத்தில், ஜெர்மனிக்குப் பணிந்த ஆட்சி பிடிக்காமல் இந்தத் தீவிலிருந்து படகேறி டொமினிக்காவுக்குத் தப்பிப் போன இளைஞர்களில் மதாமின் தந்தையும் ஒருவர். திரும்பும்போது மனைவியோடு வந்தார். ஆங்கிலேயர் ஆண்ட தீவிலிருந்து வந்தவள் என்பதால் இங்கே அவளை 'இங்கிலீஷ்காரி' என்று கேலி பேசினார்கள். அவள் மகளுக்குப் பிரெஞ்சை மட்டும் ஊட்டி வளர்த்தாள். ஆத்திரம் வந்தால் மட்டும் வாயில் ஊர்ப்பேச்சு வரும்.

காசில் புரூஸில் படகு கட்டும் முதியவர் ஹட்சனிடம் பெயரைச் சொன்னதும் அவர் உளியைக் கீழே வைத்தார். "ஒலிம்பா? எங்கப்பாவோட தங்கச்சி. பிரெஞ்சுக்காரப் பய பின்னாடி போனவ, ஒரு கடுதாசி போடல. மவ இருக்காளா? நம்ம பாஷை வருமா அவளுக்கு?"

"திட்ட நல்லா வரும்," என்றாள் வெர்னெல்.

செல்போனில் கூப்பிட்டார்கள். திரையில் மதாம், அதே இஸ்திரி மடிப்போடு.

"ஏன் புள்ள, இத்தன வருசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல?" என்றார் ஹட்சன்.

மதாம் பிரெஞ்சில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "வழி தெரியல," என்றார், கிரியோலில்.

அரைமணி நேரம் பேசினார்கள். கை மரத்துப்போனது தெரியாமல் வெர்னெல் போனைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தாள். மதாமுக்கு வசவுகள் தெரிந்தன, ஜெபங்கள் தெரிந்தன, மீன் பெயர்கள் அத்தனையும் தெரிந்தன. எண்கள் மட்டும் அந்தப் பழமொழியின் மூன்றுக்கு மேல் தெரியவில்லை.

வெர்னெல் இன்றும் ஃபோர்-த-ஃபிரான்ஸில்தான் இருக்கிறாள், சொந்தப் பட்டறையோடு. மதாம் இப்போது வருடத்துக்கு ஒருமுறை காசில் புரூஸ் போய் வருகிறார். ஆனாலும் வெர்னெலிடம் அவர் பேசுவது பிரெஞ்சுதான், 'நீங்கள்' தான். அது மரியாதையா, விலகலா என்று வெர்னெல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.