கடல் தேவனுக்கு ஒரு கோவிந்தா

2001-ம் வருடம். ஹூஸ்டனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்கு எதிரே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருந்தது. டிபெண்டன்ட் விசாவில் போன எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. வீட்டில் டிவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அங்கே சம்பளமில்லாத வாலன்டியராகச் சேர்ந்தேன்.

என் பொறுப்பில் விட்டது ஒரு கிரேக்கக் கடல் தேவனை! பட்டாணி அளவு வண்ணக் கற்களைப் பதித்து, பழங்காலத்தில் யார் வீட்டுத் தரையிலோ செய்த முகம். அணை கட்டி அந்த இடம் முழுகப் போன சமயத்தில், அவசர அவசரமாகத் தோண்டி அதை வெளியே எடுத்தவர், அருங்காட்சியகத்தில் எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பேராசிரியை. பழுது பார்க்க ஹூஸ்டனுக்கு வந்திருந்தது.

முகத்தின் மேல் துணி ஒட்டி, பலகையில் குப்புறப் போட்டு, பின்பக்கத்துப் பழைய காரையை நான் மாதக்கணக்கில் சுரண்டி எடுத்திருந்தேன். அந்தக் கற்களைப் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் துணியும் பசையும்தான். தண்ணீர் பட்டால் பசை கரைந்துவிடும். பலகை சாய்ந்தாலும் கற்கள் சரிந்துவிடும்.

அப்போதுதான், ஜூன் மாதத்தில், அந்தப் பேய்மழை. ராத்திரி முழுக்கக் கொட்டியதில் ஃப்ரீவே எல்லாம் ஆறாகிவிட்டது. விடிந்ததும் ஓடினேன். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. நாங்கள் வேலை செய்கிற பேஸ்மென்ட்டில் முழங்கால் தண்ணீர், ஏறிக்கொண்டே இருந்தது. பேராசிரியை கடல் தேவனின் மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "தண்ணீர் இவரை விடாது போலிருக்கிறது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் கோவிந்தா! சீக்கிரம் வாங்க!"

"அழாத. நம்ம கோயில் கோஷ்டியைக் கூட்டிட்டு வரேன்" என்றார் கணவர்.

எங்கள் பெருமாள் கோயிலில் உற்சவம் என்றால் சுவாமியைத் தோளில் சுமப்பது இவரும் இவருடைய நண்பர்களும்தான். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் தட்டுகிற ஆசாமிகள். எட்டுப் பேரும் அதே அபார்ட்மென்ட் என்பதால், தேங்கிய தண்ணீரில் ரோட்டைக் கடந்து வந்துவிட்டார்கள். கட்டட வேலைக்காக மாடியில் கிடந்த இரண்டு நீளமான மரச்சட்டங்களைப் பலகைக்கு அடியில் கொடுத்துக் கட்டினார்கள்.

"ஹைட் பார்த்து நில்லுங்கப்பா! குட்டையா இருக்கறவங்க ஷோல்டர்ல டவலை மடிச்சு வெச்சுக்கோங்க!" என்று குரல் கொடுத்தார் ஒருவர்.

அடுத்த நொடி, "கோவிந்தா! கோவிந்தா!" என்ற சத்தத்தில் பேஸ்மென்ட்டே அதிர்ந்தது. கடல் தேவன் தண்ணீருக்கு மேலே எழுந்தார். பேராசிரியை பயந்தே போய்விட்டார்.

படிக்கட்டுதான் கண்டம். "முன்னாடி ஆளுங்க இறக்கி கையில பிடி! பின்னாடி தோள்லயே இருக்கட்டும்!" கோயில் படிகளில் பழகிய வித்தை அது. பாதிப் படியில் பின்னால் ஒருவருக்குக் கால் வழுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் இருந்த என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தப் பாரத்தையும் தன் பிடரியில் வாங்கிக்கொண்டார். பலகை ஆடியது, சாயவில்லை.

மாடி ஹாலில் இறக்கி வைத்ததும், ஒருவர் பழக்கதோஷத்தில் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். பேராசிரியை சிரிக்கவில்லை. அவரும் அதே மாதிரி தொட்டு ஒற்றிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, புதிய அடித்தளம் போட்டு நிமிர்த்தியபோது, துணியை உரிக்கும் பெருமையை எனக்கே கொடுத்தார் பேராசிரியை. வெந்நீரில் நனைத்து நனைத்து உரித்தேன். தாடி, மூக்கு, கடைசியாக அகன்ற இரண்டு கண்கள். ஒரு கல்கூடக் குறையவில்லை. என் பின்னால் எட்டுப் பேரும் குழந்தைகள் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

இப்போதும் யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு "எல்லாம் கோவிந்தா" என்று சொன்னால் நான் கலங்குவதில்லை. அந்தப் படிக்கட்டில் ஏறி வந்த எட்டுப் பேரின் தோள்கள்தான் என் கண்முன் வந்து நிற்கின்றன.